பேரேட்டில் இல்லாத பத்தி

வனத்துறையினர் 155. காவல்துறையினர் 108. வருவாய்த் துறையினர் 6. ஆக மொத்தம் 269.

தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று அந்த ஊருக்குள் புகுந்து செய்த கொடுமைகளுக்காகக் குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்களின் எண்ணிக்கைதான் மேலே இருப்பது. சந்தனக் கட்டைக் கடத்தலைப் பிடிக்க வந்ததாகச் சொன்னார்கள். ஊரிலிருந்து பிடித்துப்போய்ச் சிறைக்கு அனுப்பியது 133 பேரை: பெண்கள் 90, குழந்தைகள் 28, ஆண்கள் 15. ஏரிப் பக்கம் இழுத்துச் செல்லப்பட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் 18 பேர்.

முப்பது ஆண்டுகளாகத் தமிழ்ப் பத்திரிகைகள் அச்சிட்டு வரும் எண்கள் இவை. வழக்கைப் பின்தொடர்ந்தவர்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டவை. இவற்றோடு சேர்த்து எழுத வேண்டிய இன்னொரு செயல் அரூர் வனச்சரக அலுவலகத்தில் நடந்தது. அங்கே அடைத்து வைத்திருந்த பெண்களின் கையில் விளக்குமாற்றைக் கொடுத்து, அவர்களுடைய ஊர்க்கவுண்டரை அடிக்கச் சொன்னார்கள். அவர்களும் அடித்தார்கள். அடிக்காமல் அந்த அறையில் இருக்க வழி இல்லை.

வாச்சாத்தி மக்கள் தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடிகள். ஊர்க்கவுண்டர் என்பவர் அவர்களுக்குக் கல்யாணம் பேசி முடிப்பவர், சண்டையைத் தீர்த்து வைப்பவர், திருவிழாவுக்கு நாள் குறிப்பவர். கொங்கு நாட்டில் எந்த ஊர்க்காரரும் இதைச் சொல்லாமலே புரிந்துகொள்வார். ஊர்ப் பெண்களின் கையால் ஊர்ப் பெரியவருக்கு அடி விழ வைப்பதில் பல வேலைகள் ஒரே வீச்சில் முடிகின்றன. அவருடைய உடம்பு நோகிறது. ஊர் தன் தலையை இழக்கிறது. இதைவிடப் பெரியது, அடித்த பெண்ணின் வாய் அடைபடுகிறது. வெளியே வந்து நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் தான் செய்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இதைவிடக் கனமான பூட்டு உண்டா?

ஜமக்காளம் நெய்து விற்கும் எங்கள் பவானியில் பழைய கடைகளில் பேரேடு எழுதுவோர் சொல்வது ஒன்றுதான்: பற்றும் வரவும் நேராகவில்லை என்றால் எங்கோ ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அரூர் அலுவலகத்தின் அந்த அறையில் மூன்று வகை மனிதர்கள் இருந்தார்கள். அடிக்கச் சொன்னவர்கள், அடிபட்டவர், அடிக்க வைக்கப்பட்டவர்கள். முதல் வகைக்குக் குற்றப்பத்திரிகை இருக்கிறது. இரண்டாம் வகைக்குப் பாதிக்கப்பட்டோர் பட்டியல் இருக்கிறது. மூன்றாம் வகைக்குப் பத்தியே கிடையாது. சித்திரவதை பற்றி நம் அரசும் நீதிமன்றங்களும் ஆணையங்களும் எழுதி வைத்திருக்கும் கணக்குகளில் விடுபட்ட வரி அதுதான்.

வாச்சாத்தியின் வரவு செலவை முதலில் முடித்துவிடுவோம். சம்பவத்தை வெளிக்கொண்டு வந்தது தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும். அக்கட்சியின் மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் நேரில் போய்ப் பார்த்துவிட்டு நீதிமன்றத்தை நாடினார். தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி ஊருக்குச் சென்று விசாரித்து அறிக்கை கொடுத்தார். 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் ஒப்படைத்தது. 1996இல் குற்றப்பத்திரிகை. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி அமர்வு நீதிமன்றத்தின் தீர்ப்பு.

சம்பவத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே 19 ஆண்டு 3 மாதம். அதற்குள் 269 பேரில் 54 பேர் இறந்துபோனார்கள்.

வனத்துறை: 155 பேரில் இறந்தவர் 29, தண்டனை பெற்றவர் 126.
காவல்துறை: 108 பேரில் இறந்தவர் 24, தண்டனை பெற்றவர் 84.
வருவாய்த் துறை: 6 பேரில் இறந்தவர் 1, தண்டனை பெற்றவர் 5.

உயிரோடு இருந்த 215 பேருமே குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. ஒருவர்கூட விடுதலை ஆகவில்லை. இந்திய நீதிமன்ற வரலாற்றில் இப்படி ஒரு வரி எழுதப்படுவது அபூர்வம், அதைப் பாராட்டியே ஆக வேண்டும். வன்புணர்வுக் குற்றத்துக்காக 17 பேருக்குத் தண்டனை: 12 பேருக்குப் பத்தாண்டு, 5 பேருக்கு ஏழாண்டு. மற்ற 198 பேருக்கும் அதைவிடக் குறைந்த தண்டனைகள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். தீர்ப்புக்கு முன் அவரே வாச்சாத்திக்குப் போய்ப் பார்த்து வந்தார். 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்பது உத்தரவு. 18 பேருக்கு 1 கோடியே 80 லட்சம், அதில் வசூலிக்க வேண்டியது 90 லட்சம்.

இந்தத் தொகையில் விளக்குமாற்றுக்கு என்று ஒரு காசும் இல்லை. நீதிபதிகளின் இரக்கக் குறைவால் வந்த விடுபடல் அல்ல இது. சட்டத்தின் கட்டங்களுக்குள் அந்தச் செயலை எழுத இடம் போதவில்லை. அதன் விலைப்பட்டியலைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன், கைதியைக் கொண்டே கைதியை அடிக்கும் ஏற்பாடு ஏதோ ஒரு வனச்சரக அலுவலகத்தில் ஓர் இரவில் உதித்த யோசனை அல்ல என்பதைச் சொல்ல வேண்டும். அது நூறாண்டுக்கு மேலாகச் சம்பளத்தோடு நடந்து வந்த ஒரு பதவி.

1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிறையில் அதிகாரப் பணிக்கு நியமிக்கப்படும் கைதிகள் இந்திய தண்டனைச் சட்டத்தின்படி பொது ஊழியர்களாகக் கருதப்படுவார்கள் என்கிறது. கைதி உடுப்போடு ஓர் ஊழியர். படிநிலைகளும் உண்டு: இரவுக் காவல் கைதி, மேற்பார்வைக் கைதி, எல்லோருக்கும் மேலே கன்விக்ட் வார்டர். இவர்களுக்குக் கூலி ரூபாயில் கிடையாது, நாட்களில்தான். பழைய பஞ்சாப் சிறைக் கையேட்டின்படி இரவுக் காவல் கைதிக்கு மாதம் 6 நாள், மேற்பார்வைக் கைதிக்கு 7 நாள், கன்விக்ட் வார்டருக்கு 8 நாள் தண்டனைக் குறைப்பு. சிறைக்குள் எல்லோரும் 'ரெமிஷன்' என்று சொல்வது இதைத்தான்.

8 நாள் வீதம் ஆண்டுக்கு 96 நாள். பத்தாண்டு அந்தப் பதவியில் இருந்தால் 960 நாள், அதாவது இரண்டரை ஆண்டுக்கும் மேலே. ஆயுள் கைதி குறைந்தது 14 ஆண்டு சிறையில் இருந்தே ஆக வேண்டும் என்ற 433ஏ பிரிவு 1978 டிசம்பரில்தான் வந்தது. அதற்கு முன்னால் ஆயுள் தண்டனையை 20 ஆண்டு எனக் கொண்டு ரெமிஷனைக் கழித்துக்கொண்டே வருவார்கள். எனவே ஒவ்வொரு நாளும் வீட்டுக்குத் திரும்பும் தேதியை ஒரு நாள் முன்னால் இழுத்தது. அந்த நாட்களைக் கொடுப்பதும் பறிப்பதும் சிறைக் கண்காணிப்பாளரின் பேனா. பதவியைப் பறித்துவிட்டால் 8 நாள் போவது மட்டுமல்ல, நேற்று வரை தான் அதட்டிய கைதிகளின் நடுவே வெறுங்கையோடு திரும்பிப் போய்ப் படுக்க வேண்டும். அப்படிப்பட்டவரிடம் 'அடி' என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? துப்பாக்கி காட்டித்தான் வற்புறுத்த வேண்டும் என்பதில்லை. ஒரு மனிதனின் விடுதலைத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லும் எந்தச் சொல்லும் வற்புறுத்தல்தான்.

நெருக்கடி நிலையின்போது, 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. இரண்டே நாளில், பிப்ரவரி 2ஆம் தேதி இரவு, சென்னை மத்திய சிறையில், விசாரணையின்றி அடைக்க வழி செய்த மிசா சட்டத்தின் கைதிகள் கடுமையாக அடிக்கப்பட்டார்கள். தொழுநோய்க் கைதிகளை வைத்திருந்த 9ஆம் தொகுதியில் அவர்களை அடைத்திருந்தார்கள். அடித்தவர்களில் வார்டர்களும் இருந்தார்கள், கன்விக்ட் வார்டர்களும் இருந்தார்கள். கொலைக்குற்றத்தில் ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தவர்களின் கையில் தடியைக் கொடுத்து, வழக்கே இல்லாமல் உள்ளே வந்தவர்கள் மேல் ஏவினார்கள். சென்னையின் முன்னாள் மேயரும் செங்கல்பட்டு நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு அங்கே அடிபட்டவர். இளைஞராக உள்ளே இருந்த மு.க. ஸ்டாலின் மேல் விழுந்த அடிகளைத் தடுக்கப் போய்த்தான் அவருக்கு அத்தனை அடி என்று திமுகவினர் இன்றைக்கும் சொல்வார்கள். 1977 ஜனவரியில் சிட்டிபாபு காலமானார். சாத்தூர் பாலகிருஷ்ணனும் அந்தச் சிறைவாசத்துக்குப் பலியானவர்.

நெருக்கடி நிலைக்குப் பிறகு நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணையம் இதை விசாரித்தது. அந்த அடி நியாயமற்றது என்று பதிவு செய்தது. நாடு முழுவதற்குமான ஷா ஆணையத்தின் கணக்கில் மிசாவில் அடைக்கப்பட்டவர்கள் 34,988, இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் கைதானவர்கள் 75,818. தமிழ்நாட்டின் பங்கு முறையே 1,027, 1,644. அடைக்கப்பட்டவர்களை ஒருவர் விடாமல் எண்ணியிருக்கிறார்கள், நல்லது. தடி கொடுக்கப்பட்ட ஆயுள் கைதிகள் எத்தனை பேர், மறுத்தவர் எவர், மறுத்தவருக்கு என்ன ஆனது என்று யாரும் ஒரு பத்தி போடவில்லை. மிசா கதையைச் சொல்லும்போது அவர்கள் 'கொலைகாரக் கைதிகள்' என்ற இரண்டு சொல்லில் முடிந்துபோகிறார்கள். அடிபட்டவர்கள் பின்னாளில் அமைச்சரானார்கள், முதல்வரும் ஆனார்கள். அவர்களுடைய வலி வரலாற்றில் ஏறியது, ஏற வேண்டியதுதான். தடி பிடித்தவர்கள் எந்தப் பக்கமும் இல்லாமல் போனார்கள்.

1976இல் இப்படிச் செய்யக் கூடாது என்ற விதி இல்லையா என்றால், இருந்தது. கைதிகளை நடத்துவதற்கான ஐக்கிய நாடுகள் சபையின் விதிகள் 1955இல் வந்தவை. ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் எந்தப் பொறுப்பிலும் கைதியை அமர்த்தக் கூடாது என்கிறது அதன் 28ஆம் விதி. 2015இல் அந்த விதிகள் திருத்தப்பட்டு மண்டேலா பெயரைப் பெற்றபோதும் 40ஆம் விதியாக அது அப்படியே நின்றது. சென்னைச் சிறையில் தடி சுழன்றபோது விதிக்கு வயது 20.

பிற நாடுகளின் கணக்கில் எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுவது ருமேனியா. அங்கே பிட்டெஸ்டி சிறையில் 1949 டிசம்பரில் 'மறுகல்வி' என்ற பெயரில் ஒன்றைத் தொடங்கினார்கள். அடிபட்ட மாணவக் கைதி, தான் 'திருந்திவிட்டதை' நிரூபிக்கத் தன் நண்பனை அடிக்க வேண்டும். அடிபட்ட நண்பன் அடுத்தவனை. இப்படிச் சங்கிலி போலப் போய், கடைசியில் அந்தச் சிறையில் அடிபடாதவனும் இல்லை, அடிக்காதவனும் இல்லை என்று ஆனது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு நடந்தது. கதை வெளியே கசிந்ததும் அரசு கணக்கை எப்படி முடித்தது தெரியுமா? 1954இல் 22 கைதிகளுக்கு மரண தண்டனை விதித்தது. அவர்களில் பெரும்பாலோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சிறை அதிகாரிகளுக்குப் பிறகு வந்தது சிறு தண்டனை, அதிலும் மன்னிப்பு. முழுப் பற்றும் கைதிகளின் கணக்கில் எழுதப்பட்டது. மூன்றாவது பத்தி இல்லாத பேரேட்டில் அடிக்க வைக்கப்பட்டவன் அடித்தவனாகத்தான் பதிவாவான்.

ஆஷ்விட்ஸிலிருந்து உயிரோடு திரும்பிய இத்தாலிய எழுத்தாளர் பிரிமோ லெவி, கைதிகளையே கொலைத் தொழிலில் ஈடுபடுத்தியதைத்தான் நாஜிகளின் குற்றங்களிலேயே கொடியதாகக் கருதினார். பாதிக்கப்பட்டவனிடமிருந்து, தான் குற்றமற்றவன் என்ற ஆறுதலைக்கூடப் பிடுங்கிக்கொள்வது அது என்பது அவருடைய வாதம். அரூரில் விளக்குமாறு பிடித்த பெண்களை நினைக்கும்போது எனக்கு அந்த வாதம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

கொழும்பு வெலிக்கடைச் சிறையையும் சொல்ல வேண்டும், அது சற்று வேறு வகை என்றாலும். 1983 ஜூலை 25 அன்று 35 தமிழ்க் கைதிகள், ஜூலை 27 அன்று 18 பேர், ஆக 53 பேர் அங்கே கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் சிங்களக் கைதிகள். பூட்டிய கதவுகள் எப்படித் திறந்தன, இரண்டு நாள் இடைவெளியில் இரண்டாம் முறையும் எப்படித் திறந்தன என்ற கேள்விக்கு யாரும் தண்டனை பெறவில்லை. அங்கே வற்புறுத்தல் இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'கைதிகளுக்குள் கலவரம்' என்று ஒரு வரி எழுதினால் அரசின் கை கழுவப்பட்டுவிடுகிறது என்பதை அந்த 53 என்ற எண் காட்டுகிறது. கைதியின் கையைப் பயன்படுத்துவதில் அதிகாரத்துக்கு இருக்கும் லாபமே அந்த ஒரு வரிதான்.

இப்போது எங்கள் மலைக்கு வருவோம்.

பவானியிலிருந்து அந்தியூர் போய், அங்கிருந்து பர்கூர் மலை ஏறினால் அந்தப் பக்கம் மாதேஸ்வரன் மலை. அமாவாசைக்கும் தீபாவளிக்கும் எங்கள் பக்கத்துச் சனங்கள் வேண்டுதலோடு போகிற கோயில். சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனைத் தேடிய இரு மாநில அதிரடிப்படையின் காலத்தில் அந்த மலையில் ஒரு முகாம் இருந்தது. மலைக் கிராமத்து ஆட்கள் அதை 'ஒர்க்‌ஷாப்' என்றார்கள். பிடித்துக்கொண்டு போனவர்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டது, உடம்பில் மின்சாரம் பாய்ச்சியது, பெண்களைச் சிதைத்தது பற்றிய சாட்சியங்கள் அங்கிருந்து வந்தன. தேசிய மனித உரிமை ஆணையம் 1999 ஜூனில் நீதிபதி ஏ.ஜே. சதாசிவா, சிபிஐயின் முன்னாள் இயக்குநர் சி.வி. நரசிம்மன் ஆகியோரைக் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் அமர்வு பக்கத்து ஊரான கோபிசெட்டிபாளையத்தில் 2000ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்தபோது மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் வாய் திறந்தார்கள். குழுவின் அறிக்கை 2003 டிசம்பரில் வந்தது. வழக்கறிஞர் ச. பாலமுருகன் அந்தச் சனங்களோடு பழகி எழுதிய 'சோளகர் தொட்டி' நாவல் 2004இல் வந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் நடந்ததைப் பலரும் அதைப் படித்த பிறகுதான் முழுதாக உணர்ந்தார்கள்.

அதே 2004 அக்டோபர் 18 அன்று வீரப்பன் கொல்லப்பட்டார். உடனே முதல்வர் ஜெயலலிதா தமிழக அதிரடிப்படையின் 752 பேருக்கும் தலா 3 லட்சம் ரூபாய், ஒரு வீட்டுமனை, ஒரு படி பதவி உயர்வு என அறிவித்தார். பணம் மட்டும் 22 கோடியே 56 லட்சம். மனித உரிமை ஆணையம் 2007 ஜனவரியில் 89 பேருக்கு இடைக்கால நிவாரணமாக 2 கோடியே 80 லட்சம் கொடுக்கச் சொன்னது. வகுத்தால் தலைக்குச் சராசரி 3 லட்சத்து 15 ஆயிரம்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. படையில் இருந்தவருக்கு 3 லட்சம், மனை, பதவி. படையிடம் சிக்கியவருக்குச் சராசரி 3.15 லட்சம், மனை இல்லை. முன்னதற்குக் காத்திருப்பு சில நாள், பின்னதற்கு விசாரணைக் குழு அமைத்த நாளிலிருந்தே ஏழரை ஆண்டு. படையில் இருந்த எல்லோரும் கொடுமை செய்தவர்கள் என்பதல்ல என் பேச்சு. காட்டில் உயிரைக் கொடுத்தவர்களும் அதில் உண்டு, 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு கண்ணிவெடியில் மட்டும் போலீசாரும் பிறருமாக 22 பேர் இறந்தார்கள். ஆனால் பரிசுப் பட்டியலில் 752 பெயரும் ஏறியபோது, ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தவர் யார், செய்யாதவர் யார் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

அந்த மலையில் பிடிபட்ட ஒவ்வொருவரிடமும் கேட்கப்பட்டது இன்னொருவரின் பெயர். யார் அரிசி கொடுத்தது, யார் வழி காட்டியது, யார் வீட்டில் தங்கினான். சொன்னால்தான் மின்சாரம் நிற்கும். சொன்ன பெயருக்கு உரியவர் அடுத்த நாள் அதே இடத்துக்கு வருவார். விளக்குமாறு இல்லாமலே ஒருவரை இன்னொருவரின் சித்திரவதையில் சேர்த்துக்கொள்ளும் முறை இது. பெயர் சொல்லித் தப்பியவர் ஊர் திரும்பி, பெயர் சொல்லப்பட்டவரின் வீட்டுக்கு எதிர்வீட்டில்தான் வாழ வேண்டும். தொட்டி எனப்படும் ஒரே மலைக் குடியிருப்பில் முப்பது நாற்பது குடிசை இருந்தால் எங்கே போய் ஒளிவது?

சட்டத்தின் விலைப்பட்டியலுக்கு வருகிறேன். சம்பவக் காலத்தில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகும் இந்தப் பகுதியில் சாரம் மாறவில்லை. தகவலோ ஒப்புதலோ வாங்குவதற்காகக் காயம் விளைவித்தால் 330ஆம் பிரிவு, ஏழாண்டு வரை. கொடுங்காயம் என்றால் 331, பத்தாண்டு வரை. இவை அடிபட்டவருக்காக. அடிக்கச் சொல்லி மிரட்டப்பட்டவருக்காக என்ன இருக்கிறது? 506ஆம் பிரிவின் குற்றமுறு மிரட்டல், இரண்டாண்டு வரை. கொன்றுவிடுவேன் அல்லது கொடுங்காயம் செய்வேன் என்று மிரட்டினால் ஏழாண்டு வரை. கடன்காரரை வாசலில் நின்று மிரட்டுவதும், ஒரு தாயின் கையில் விளக்குமாறு கொடுத்து ஊர்ப் பெரியவரை அடி என்பதும் ஒரே பிரிவு.

இன்னும் மோசமான வரி ஒன்று உண்டு. வற்புறுத்தலின் பேரில் செய்தது குற்றமாகாது என்று விலக்குத் தருவது 94ஆம் பிரிவு. ஆனால் அந்தக் கணமே உயிர் போய்விடும் என்ற நியாயமான அச்சம் இருந்தால்தான் அந்த விலக்கு. அடிப்பேன் என்ற மிரட்டல் போதாது, துணியை உருவுவேன் என்பதும் போதாது. ஆகச் சட்டத்தை எழுத்துப்படி மட்டும் வாசித்தால், அடிக்குப் பயந்து அடித்த பெண்மேல் 323ஆம் பிரிவின் ஓராண்டுத் தண்டனைக்கு இடம் இருக்கிறது. யாரும் அப்படி வழக்குப் போடவில்லை, போட்டிருந்தால் நாடே வெட்கப்பட்டிருக்கும். ஆனால் போட முடியாது என்று சட்டம் சொல்லவில்லை என்பது அந்தப் பெண்களின் மௌனத்துக்கு ஒரு காரணமாக இருக்க முடியும். கன்விக்ட் வார்டருக்கோ இந்த விலக்கை நினைத்துப் பார்க்கவே முடியாது. அவர் சட்டப்படி பொது ஊழியர் வேறு!

உலக அளவில் இந்தக் கேள்விக்கு விடை எழுதியாகிவிட்டது. சித்திரவதையை மருத்துவ முறைப்படி ஆவணப்படுத்துவதற்கான இஸ்தான்புல் நெறிமுறை 1999இல் ஐநாவிடம் அளிக்கப்பட்டது, கோபிசெட்டிபாளையத்துக்கு வந்த குழு அமைக்கப்பட்ட அதே ஆண்டு. சித்திரவதை முறைகளை வரிசையாகச் சொல்லும் அதன் பட்டியலில், பிறருக்குத் தீங்கு செய்யும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்துவதும் ஒன்று. பிறர் சித்திரவதைப்படுவதைப் பார்க்கக் கட்டாயப்படுத்துவது அடுத்தது. அதாவது விளக்குமாற்றைப் பிடிக்க வைப்பதே சித்திரவதை. அரூரில் ஒரு மனிதரை அடித்தபோது அங்கே ஒருவர் மட்டும் சித்திரவதைக்கு ஆளாகவில்லை. அடிக்க வைக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணும் அதே கணத்தில் சித்திரவதைக்கு ஆளானார். பேரேடு நேராவது இந்த இடத்தில்தான்.

சித்திரவதைக்கு எதிரான ஐநா உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபர் 14 அன்று கையெழுத்திட்டது. ஏற்புறுதி இன்னும் செய்யவில்லை. 2010 மே மாதம் மக்களவை ஒரு சித்திரவதைத் தடுப்பு மசோதாவை நிறைவேற்றியது, அது சட்டமாகாமலே காலாவதியானது. 2017 அக்டோபரில் சட்ட ஆணையம் தன் 273ஆம் அறிக்கையில் உடன்படிக்கையை ஏற்கச் சொல்லி, ஒரு வரைவுச் சட்டத்தையும் சேர்த்தே கொடுத்தது. வரைவு அலமாரியில் இருக்கிறது.

சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. 2023 தீர்ப்பு வாச்சாத்தி இழப்பீட்டில் பாதியைக் குற்றவாளிகளின் பையிலிருந்து வசூலிக்க வழி காட்டிவிட்டது. நிவாரணம் யாருக்கு என்று முடிவு செய்யும்போது மனித உரிமை ஆணையம் மரணம், வன்புணர்வு, காயம், சட்டவிரோதக் காவல் என்று வகை பிரிக்கிறது. அங்கே 'பிறரைத் துன்புறுத்தக் கட்டாயப்படுத்தப்பட்டவர்' என்று ஐந்தாவது வகை ஒன்றைச் சேர்க்க ஒரு சுற்றறிக்கை போதும். காவலில் இருந்து வருபவரைப் பரிசோதிக்கும் அரசு மருத்துவரும், ரிமாண்டுக்குக் கொண்டுவரப்பட்டவரிடம் 'போலீசார் அடித்தார்களா' என்று கேட்கும் மாஜிஸ்திரேட்டும் 'வேறு யாரையாவது அடிக்கச் சொன்னார்களா' என்று இன்னொரு கேள்வி கேட்கலாம். அதற்குச் சொல்லும் பதில், சொல்பவருக்கு எதிரான சாட்சியம் ஆகாது என்ற உறுதியையும் அதே மூச்சில் கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு வாச்சாத்திப் பெண்களையே காட்டுவேன். பூட்டு அவ்வளவு கனமாக இருந்தும் அவர்கள் பேசினார்கள். சேலம் சிறையிலிருந்து வெளியே வந்து, ஊர்க்கவுண்டரைத் தங்கள் கையால் அடிக்க வைத்த கதையையும் சேர்த்தே சொன்னார்கள். விசாரணை அதிகாரியிடம் சொன்னார்கள், ஊருக்கு வந்த நிருபர்களிடம் சொன்னார்கள். 215 பேருக்குத் தண்டனை வாங்கித் தந்தது அந்தப் பேச்சு. அந்த 18 பேருக்கு நீதிமன்றம் ஒரு தொகை எழுதியிருக்கிறது. விளக்குமாறு திணிக்கப்பட்ட கைகளுக்கு உரியவர்களின் பெயர்களையும் எழுதி, எதிரே ஒரு தொகையும் எழுத வேண்டிய கடன் தமிழ்நாடு அரசின் வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறை மூன்றின் கணக்கிலும் நிலுவையில் நிற்கிறது.